நின்றபடி எடுக்க வேண்டிய படம்

"வயதானால் மூட்டு தேயத்தானே செய்யும்" என்று பல்லாண்டு வலியைப் பொறுத்த பின்னரே பெண்கள் பலர் எங்களிடம் வருகின்றனர். வயது ஒரு காரணம்தான்; ஆனால் அவர்களுள் பலருக்குக் கால்கள் வில்போல் வெளிப்புறம் வளைந்திருப்பதைச் சேலை மறைத்துவிடுகிறது.

நேரான காலிலும் முழங்காலின் உட்பக்கமே உடற்சுமையில் பெரும்பங்கைத் தாங்குகிறது. கால் வளைந்தால் அச்சுமை இன்னும் உள்ளே சாய்ந்து குருத்தெலும்பைத் தேய்க்கிறது. தேயத் தேய வளைவும் கூடுகிறது. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களை 18 மாதங்கள் கண்காணித்து 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இவ்வாறு வளைந்த கால்களில் உட்பக்கத் தேய்மானம் முற்றும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்தது.

படுக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயில் இவ்வளவு தெளிவாகத் தெரியாது. நிற்கவைத்து எடுக்க வேண்டும். வளைவு இருப்பின் இடுப்பு முதல் கணுக்கால் வரை எடுக்க வேண்டும். இதைக் கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது, கேட்டே பெறுங்கள். முன்கூட்டியே தெரிந்தால் தொடைத்தசைப் பயிற்சி, எடைக்குறைப்பு, தகுதியுடையோர்க்கு எலும்பை நேராக்கும் அறுவை எனப் பல வழிகள் உள்ளன. முற்றிய பின் பெரும்பாலும் மூட்டு மாற்றே எஞ்சுகிறது.

வீட்டிலுள்ளோரும் கவனிக்கலாம்: கணுக்கால்களைச் சேர்த்து அம்மாவை நிற்கச் சொல்லுங்கள். முழங்கால்களுக்கிடையே இடைவெளி தெரிந்து, வலியும் இருப்பின், அழைத்து வாருங்கள்.