வேலி மேய்ந்த தேர்தல்

அமெரிக்காவில் இடைக்காலத் தேர்தல் வந்தால் போதும், ‘அலை’, ‘மக்கள் சினம்’ என்ற சொற்கள் ஏடுகளில் புரளத் தொடங்கிவிடும். அதிபரின் கட்சி அதில் பெரும்பாலும் அடிபடுவது மெய்யே. 1994இல் சபாநாயகர் டாம் ஃபோலியே தம் தொகுதியை இழந்தார். 2010இல் ஜனநாயகக் கட்சி 63 இடங்களைப் பறிகொடுத்தது.

ஆயினும் இதனை மக்கள் தீர்ப்பென்று கொண்டாட நாம் உடன்படோம். அந்த 2010இலும் பிரதிநிதிகள் சபைக்கு மீண்டும் நின்றவர்களுள் நூற்றுக்கு 85 பேர் வரை வென்றனர். 2022இல் மறுபடி போட்டியிட்ட செனட்டர் ஒருவரும் தோற்கவில்லை.

பிரதிநிதிகள் சபையைப் பொறுத்தவரை, இந்த உறுதி வாக்காளரின் மனநிறைவால் மட்டும் வந்ததன்று. தொகுதிக் கோட்டாலும் வந்தது. பெரும்பாலான மாநிலங்களில் அதை வரைவது சட்டமன்றமே. கலிஃபோர்னியாவில் 2001இல் இரு கட்சியினரும் கைகோத்துத் தத்தம் உறுப்பினர்க்கு அரண் கட்டினர். விளைவு, 2004இல் அங்குள்ள 53 இடங்களில் ஒன்றுகூடக் கட்சி மாறவில்லை. பின்னர் வந்த குடிமக்கள் ஆணையம் ஓரளவு நேர்செய்தது. 2025இல் டெக்சாஸ் குடியரசுக் கட்சிக்குச் சாதகமாகக் கோட்டை மாற்றவே, கலிஃபோர்னியாவும் பதிலடியாக ஆணையத்தின் வரைபடத்தை ஒதுக்கிவைத்தது. உச்ச நீதிமன்றமோ, கட்சிச் சார்பான எல்லை வரைவு கூட்டாட்சி நீதிமன்றங்களின் விசாரணைக்கு உரியதன்று என 2019இலேயே கைவிரித்துவிட்டது.

ஒரு மாநிலம் மட்டும் நேர்மை காத்தால் அது ஏமாளியாகும். ஆகவே, எல்லா மாநிலங்களுக்கும் பொருந்தும் ஒரே சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியாக வேண்டும். அதுவரை, வாக்காளர் உறுப்பினரைத் தேர்வதற்கு முன்பே உறுப்பினர் வாக்காளரைத் தேர்ந்துகொள்வார். வேலியே பயிரை மேயும் வயலில் அறுவடைக் கணக்கு எதற்கு?