இளம் மருத்துவர்கள் கைகோர்த்தபோது

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று கேட்டு நிம்மதி அடைகிறோம். சில நாள்களில் தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்துவிடுகிறது. மீண்டும் மருத்துவமனை, மீண்டும் செலவு; தினக்கூலிக் குடும்பம் என்றால் கடன். இதை ஆராய்ச்சிக்குரிய பெரிய காரியமாக நம்மில் பலர் எண்ணுவதில்லை. இங்கிலாந்தில் அறுவை சிகிச்சை மேற்பயிற்சியில் இருந்த இளம் மருத்துவர்கள் இதைத்தான் கையில் எடுத்தார்கள்.

அங்கே பயிற்சி மருத்துவர்கள் அடிக்கடி மருத்துவமனை மாறவேண்டும். தொடங்கிய ஆய்வு பாதியில் நின்றுபோகும். பர்மிங்காமை உள்ளிட்ட மேற்கு மிட்லண்ட்ஸ் பகுதிப் பயிற்சியாளர்கள் ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தி, இந்தக் குறையையே பலமாக்கினார்கள். ஒருவர் மாறிப்போனால் அடுத்து வருபவர் தொடர்வார். போனவர் புது இடத்தில் அதே ஆய்வுக்கு ஆள் சேர்ப்பார். இப்படி 21 மருத்துவமனைகளில் 760 நோயாளிகள் சேர்ந்தார்கள். வயிற்று அறுவையின்போது காயத்தின் விளிம்பில் பொருத்தும் பிளாஸ்டிக் உறை தொற்றைத் தடுக்குமா என்பது கேள்வி. தடுக்காது என்று 2013-இல் விடை வெளியானது. உறை வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத் தொற்று! ஒரு வீண்செலவு தெரியவந்ததே, அது சிறிய காரியமா?

இதே வழிமுறை பின்னர் கடல் கடந்தது. 2014-இல் தொடங்கிய 'குளோபல்சர்ஜ்' ஆய்வில் 58 நாடுகளிலிருந்து 10,745 நோயாளிகளின் விவரங்கள் திரண்டன. அந்த உறவுகளின் தொடர்ச்சியாக, இந்தியா உள்பட 7 நாடுகளின் 81 மருத்துவமனைகளில் நடந்த மற்றோர் ஆய்வு 2022-இல் வெளிவந்தது. காயத்தை மூடுமுன் கையுறைகளையும் கருவிகளையும் மாற்றினால், தொற்று 18.9 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைந்தது. புது மருந்து எதுவும் இல்லை.

நம் நாட்டில் எம்.டி., எம்.எஸ். படிப்பவர் ஒவ்வொருவரும் ஆய்வேடு எழுதியாக வேண்டும். பெரும்பாலும் தனித்தனியாக, ஒரே மருத்துவமனையில், சிறிய எண்ணிக்கையில். பல ஆய்வேடுகள் பட்டத்தோடு அலமாரிக்குப் போய்விடுகின்றன. அந்த உழைப்பு நோயாளிக்குத் திரும்புவது எப்போது?

தடையாக இருப்பது பணம் மட்டுமல்ல. பெயரும்தான் என்று நினைக்கிறோம். இத்தகைய கூட்டமைப்புகளில் ஆய்வுக்கட்டுரை குழுவின் பெயரில் வரும். உழைத்தவர்கள் ஒரே பட்டியலில் நிற்பார்கள். "முதல் பெயர் யாருக்கு?" என்று கேட்டுப் பழகிய துறைகளுக்கு (மருத்துவம் மட்டுமா!) இது கசக்கும். ஆயினும் தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே மருத்துவப் பல்கலைக்கழகத்தின்கீழ் இயங்குகின்றன. பத்துக் கல்லூரி மாணவர்கள் ஒரே கேள்வியைப் பகிர்ந்து ஆய்வேடு எழுதலாம் என்று விதி வகுத்தால், அந்தந்தக் கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதலோடு தொடங்கிவிடலாம்.