பூ உதிர்ந்த பின்னும் காந்தள்

முருகப் பெருமானுக்கு உகந்த மலர்களுள் மலைநிலத்துக்கே உரிய சிறப்புடையது செங்காந்தள். திருமுருகாற்றுப்படையில் நக்கீரர், குமரனின் திருமுடியில் காந்தள் கண்ணியைக் கண்டு போற்றுகிறார். குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை அடுக்கிச் சொல்லும் கபிலர், முதலாவதாக வைப்பதும் இம்மலரையே. இன்று தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே.

கடையநல்லூருக்குத் தென்மேற்கே பண்பொழியில் திருமலைக் குமாரசுவாமி எழுந்தருளியுள்ள குன்றும், குற்றாலத்துக்கு அருகிலுள்ள இலஞ்சிக் குமாரர் திருக்கோயிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்தவை. இம்மலைத் தொடரை ஒட்டிய புதர்களிலும் வேலியோரங்களிலும் காந்தள் தானே முளைத்துப் படரும். தீச்சுடர் போல் மலர்ந்திருக்கும்போது அதனை எவரும் அறிவர். பூ உதிர்ந்த பின்னரோ, அது பத்தோடு பதினொன்றான ஒரு பச்சைக்கொடி. அந்நிலையிலும் அதனை அடையாளம் காண்பது உயிர் காக்கும் அறிவாகும். ஏனெனில் இறைவன் சூடும் இம்மலரின் கிழங்கு கொடிய நஞ்சு.

முதல் அடையாளம் இலை. காந்தள் இலைக்குக் காம்பு இல்லை. தண்டோடு ஒட்டியே நீண்டு கூராகச் செல்லும். நரம்புகள் வலைபோல் பின்னாமல், அடியிலிருந்து நுனிவரை இணையாக ஓடும். எல்லாவற்றுக்கும் மேலாக, இலையின் நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு அருகிலுள்ள செடியைப் பிடித்துக்கொள்ளும். ‘தலைச்சுருளி’ என்னும் பெயர் இதனால் வந்ததே.

இரண்டாவது அடையாளம் காய். விரல் நீளத்தில் பசுமையாகத் தொங்கும் காய்க்குள் மூன்று அறைகள் உண்டு. முற்றி உலர்ந்ததும் அது மூன்றாகப் பிளந்து, செம்மணி கோத்தாற்போல் உருண்டை விதைகளை வரிசையாகக் காட்டும். குழந்தைகளின் கண்ணைக் கவரும் நிறம் அது. நீலகிரி முதலிய உயர்மலைகளில் வெண்ணிறத்தில் பூக்கும் காட்டு லில்லியின் காயும் மூவறை உடையதுதான். ஆனால் அதன் விதைகள் தட்டையானவை, இலை நுனியும் சுருளாது.

மலையில் கிழங்கு அகழ்வோர் தேடும் காட்டுவள்ளியின் காயும் மூன்று பக்கங்கள் உடையதாதலின், காயை மட்டும் கண்டு முடிவு செய்தல் ஆகாது. வள்ளியின் காய்க்குச் சருகு போன்ற மூன்று சிறகுகள் உண்டு. உள்ளே செவ்விதை இராது. இலைக்கு நீண்ட காம்பு உண்டு. பலவற்றில் அது வெற்றிலையை ஒத்திருக்கும். கொடி தன் தண்டினாலேயே சுற்றி ஏறும். கோடையில் காந்தளின் இலையும் தண்டும் காய்ந்து மறைய, கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும். கலப்பை போல் வளைந்த அக்கிழங்கை வள்ளிக்கிழங்கென மயங்கி உண்டு உயிரிழந்தோர் உண்டு. இலையும் காயும் இல்லாத நாளில், பெயர் தெரியாத எந்தக் கிழங்கையும் தொடாதிருப்பதே அறிவுடைமை.

காந்தளின் நஞ்சு கோல்சிசின் எனப்படும். மூட்டுகளைத் தாக்கும் கௌட் நோய்க்கு மருத்துவர்கள் மிகச் சிறிய அளவில் தரும் மருந்தும் அதுவே. ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பகுதிகளில் ‘கண்வலிக்கிழங்கு’ என்னும் பெயரில் உழவர்கள் இதனை விதைக்காகவே பயிரிடுகின்றனர். ஆலையில் பிரித்தெடுத்து அளந்து தரும் மருந்து வேறு. வீட்டில் அரைத்துக் குடிப்பது வேறு. எவரேனும் தவறி உண்டுவிட்டால், வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கச் சில மணி நேரம் ஆகலாம். அதுவரை காத்திராமல், உண்டதன் மிச்சத்தையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனை செல்லவேண்டும்.

தைப்பூசத்துக்குப் பேரப்பிள்ளைகளோடு மலையேறும் பெரியோர், வழியில் இக்கொடி தென்பட்டால் சற்றே நின்று, சுருண்ட இலைநுனியையும் செவ்விதைக் காயையும் சுட்டிக்காட்டலாம். ‘இது முருகன் சூடும் பூ, பார்த்து வணங்கலாம், பறித்து வாயில் வைக்கலாகாது’ என்று சொன்னால் பிள்ளைகள் மறவார். கொடியும் தன் இடத்திலேயே தழைத்து, அடுத்த மழைக்குக் குமரனுக்காக மீண்டும் பூக்கும்.