விடை திரும்பி வரவேண்டும்

1937ஆம் ஆண்டில் பேராசிரியர் மகலனோபிஸ் வங்காளத்தில் சணல் பயிருக்கு மாதிரி ஆய்வைத் தொடங்கினார். களத்தில் எடுத்த அளவுகள் கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தில் கணக்கிடப்பெற்றன. இத்தகைய பணியில் ஒருவர் கண்ட கூட்டுத்தொகை தாளில் எழுதப்பெற்று அடுத்த மேசைக்குச் சென்றாக வேண்டும். அவர் அதனை உரக்கப் படித்துவிட்டு நிறுத்துவாராயின் மேற்கொண்டு வேலை நடவாது. 1956இல் அக்கழகத்தில் ஹெக்-2எம் கணிப்பொறி நிறுவப்பெற்ற பின்னரும் இவ்விதி மாறவில்லை.

இன்று பைத்தான் மொழி பயிலும் மாணவர் பலர் இவ்விடத்தேதான் இடறுகின்றனர். சராசரி காணும் செயற்கூறு ஒன்றுக்கு இரு வயல்களின் விளைச்சலாகிய 12, 18 என்னும் எண்களை அளிப்பதாகக் கொள்வோம். அதனுள் 'பிரிண்ட்' ஆணை இருப்பின் 15 என்று திரையில் காட்டி அமையும். 'ரிட்டர்ன்' ஆணையோ அந்த 15ஐ அழைத்த இடத்திற்கே அனுப்பும். அதனை மேலும் கூட்டலாம், பெருக்கலாம். 'ரிட்டர்ன்' இல்லாவிடில் திரும்பி வருவது 'நன்' எனப்படும் வெறுமையே. அதனோடு ஓர் எண்ணைக் கூட்ட முயன்றால் பிழை எழும்.

திரையில் விடை தோன்றுவது மாணவர்க்கு ஊக்கமளிக்கும் என்பர், உண்மையே. ஆயினும் கண்ணுக்குத் தெரிந்த விடை கைக்கு வந்ததாகாது. ஆதலின் ஆசிரியர்கள் முதல் நாளிலேயே 'ரிட்டர்ன்' ஆணையைக் கற்பித்து, 'பிரிண்ட்' ஆணையைச் செயற்கூற்றுக்கு வெளியே வைக்கப் பழக்குதல் நலம்.