அவனையும் ஒருத்தி பெற்றாளே!

ஒதியம்பட்டில் பதினெட்டாம் போர்க் கூத்துக்கு நம்முடன் பட்டணத்து நண்பர் ஒருவரும் வந்திருந்தார். "திரௌபதியைச் சபைக்கு இழுத்துவரச் சொன்ன பாவிக்கா இத்தனை பெரிய கிரீடம்? விடிய விடிய இவனையா பார்ப்பது?" என்று சலித்துக்கொண்டார்.

மேனாட்டு சங்கீத நாடகத்திலும் இத்தகைய நாயகர்கள் உண்டு. 1787-இல் மோட்சார்ட் பிராக் நகரில் அரங்கேற்றிய 'டான் ஜியோவான்னி'யின் நாயகன் பெண்களை வஞ்சிப்பவன். கடைசிவரை மனந்திருந்தாமலே நரகத்தில் வீழ்கிறான்.

நாயகனென்றால் நல்லவன் என்றே நாமும் வகுப்பில் போதித்து வந்தோம். பொழுது புலர்ந்தது. படுகளத்தில் மண்ணாலான துரியோதனன் தொடை பிளந்து கிடந்தான். திரௌபதி கூந்தலை முடித்தாள். அருகில் ஒரு கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவன் செய்தது நியாயமா, ஆயா?" என்றார் நண்பர்.

"நியாயமில்லேதான், தம்பி. அவனையும் ஒருத்தி பெத்தாளே!"

நண்பர் அப்புறம் பேசவில்லை. நமக்கோ, சென்ற வாரம் வகுப்பை விட்டு நாம் விரட்டிய போக்கிரிப் பையனுடைய தாயாரின் முகம் நினைவுக்கு வந்தது.