சக்கைக்கும் விலை உண்டு, பங்கு யாருக்கு?

ஒரு டன் கரும்பைப் பிழிந்தால் சுமார் 300 கிலோ ஈரச் சக்கை மிஞ்சுகிறது. சர்க்கரை ஆலைகள் அதைத் தங்கள் பாய்லரில் போட்டு எரித்து வந்தன. அதற்குத் தனி விலை உண்டென்று யாரும் பேசவில்லை.

தமிழ்நாடு சர்க்கார் 1979-ல் நிறுவிய காகித ஆலை, 1984-ல் கரூர் அருகே புகளூரில் உற்பத்தியைத் தொடங்கியது. கரும்புச் சக்கையே அதன் முக்கிய மூலப்பொருள். சர்க்கரை ஆலை சக்கையைக் கொடுத்தது. அதன் பாய்லர் அணையாதிருக்க, காகித ஆலை நிலக்கரிக்கும் நீராவிக்கும் ஏற்பாடு செய்தது. பிற்காலத்தில் காகித ஆலையின் சுண்ணாம்புக் கழிவும் சாம்பலும் சிமெண்டாயின. ஓர் ஆலையின் கழிவு மற்றோர் ஆலையின் மூலப்பொருள்! மரம் மிச்சம், குப்பை குறைவு. திட்டமிட்டால் என்ன செய்யலாம் என்பதைப் பொதுத்துறை ஆலை ஒன்று செய்து காட்டியது. இதை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால், கழிவு காசானபின் அந்தக் காசு எங்கே போகிறது?

விவசாயி சக்கையோடு சேர்த்துத்தான் கரும்பை எடை போட்டுக் கொடுக்கிறான். கரும்பு விலையை நிர்ணயிக்கும்போது சக்கை, மொலாசஸ், பிரஸ்மட் ஆகியவற்றின் வருமானத்தையும் கவனிக்க வேண்டுமென்று கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையே கூறுகிறது. இந்த வருமானத்தையும் சேர்த்து நூற்றுக்கு 70 பங்கு விவசாயிக்குத் தரலாமென்று 2012-ல் ரங்கராஜன் கமிட்டி சிபாரிசு செய்தது. அந்தக் கணக்கிலும்கூட, தோகை கையை அறுக்க அறுக்கக் கரும்பை வெட்டிக் கட்டிய கூலியாளுக்குத் தனிப் பங்கு கிடையாது. அவன் கூலி விவசாயியின் கையைப் பார்த்தே நிற்கிறது.

ஆலைக்குள்ளே இன்னொரு கணக்கு இருக்கிறது. மலைபோல் குவித்து வைத்த சக்கையில் ஈரத்தால் பூஞ்சணம் பிடிக்கிறது. அது காய்ந்து கிளம்பும் தூசு நுரையீரலைக் கெடுக்கிறது. பாகாஸோஸிஸ் என்ற இந்நோய், 1923-ம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் நோய்ப் பட்டியலிலேயே இடம் பெற்றது. சக்கையைக் கைமாற்றுகிறவர்களுக்கு லாபம், சுமக்கிறவனுக்கு இருமல் என்பது என்ன நியாயம்?

ஆகவே நாம் கோருகிறோம்: சக்கைக்கும் மொலாசஸுக்கும் வந்த வரவை ஒவ்வொரு ஆலையும் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். விவசாயியின் பங்கு பாக்கியின்றித் தரப்பட வேண்டும். வெட்டுக்கூலியும் அதற்கேற்ப உயர வேண்டும். சக்கைக் கிடங்கில் வேலை செய்வோர், காண்ட்ராக்ட் ஆட்கள் உட்பட, அனைவருக்கும் தூசுத் தடுப்பும் வைத்தியப் பரிசோதனையும் ஆலைச் செலவில் நடக்க வேண்டும்.

ஆலைத் தொழிலாளியும் கரும்பு விவசாயியும் வெட்டுக் கூலியாளும் தனித்தனியே கேட்டால் காதில் விழாது. மூவரும் ஒன்றாய் நின்று கேட்கட்டும்!