சோஷியல் மீடியா மேனேஜருக்கு மாசம் 25,000 குடுக்கலாமா? முதல்ல இந்தக் கணக்கைப் போடுங்க

சின்னக் கடைகளோட விளம்பரச் செலவைப் பத்தி போன வீடியோவில் ரெண்டு நிமிஷம்தான் பேசினேன். அதுக்கப்புறம் நிறைய பேர் கேட்டது ஒரே கேள்வி: "சார், இன்ஸ்டாகிராம் பார்த்துக்க ஒரு ஆள் போடலாமா?" பதில்ல எண்கள் அதிகம். அதனால எழுதிடறேன்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ஒரு பொருள் வித்தா கையில எவ்வளவு நிக்குதுன்னு தெரியாத கடைக்காரர் சோஷியல் மீடியா மேனேஜர் போடக் கூடாது. அந்த ஆள் எவ்வளவு திறமைசாலியா இருந்தாலும் சரி.

என்கிட்ட கணக்குப் பார்க்கிற ஒரு அக்கா சேலம் பக்கம் புடவைக் கடை வெச்சிருக்காங்க. இளம்பிள்ளையில் சரக்கு எடுத்து விக்கிறாங்க. பேர் வேண்டாம், அவங்க சம்மதத்தோட எண்களை மட்டும் சொல்றேன். நகையை அடகு வெச்சு 2 லட்சம் எடுத்து, மாசம் 25,000 ரூபாய்க்கு ஒருத்தரை வெளியிலிருந்து பேசி வெச்சாங்க. விளம்பரத்துக்கு மாசம் 15,000 தனி. ஆறு மாசத்துல 900 ஃபாலோயர் 14,000 ஆனாங்க. வரி வேலைக்காக என் ஆபீஸுக்கு வந்தப்போ ஃபைலை எடுக்கிறதுக்கு முன்னாடி போனைத்தான் எடுத்துக் காட்டினாங்க. "தம்பி, பார்த்தியா?"

பார்த்தேன். அப்புறம் பேப்பரை எடுத்தேன்.

ஒரு புடவை சராசரியா 1,200 ரூபாய்க்குப் போகுது. சரக்கு விலை 845. வரி 12. கூரியர், கவர் எல்லாம் சேர்த்து 95. திரும்பி வர்றது, கறை படிஞ்சதுன்னு சராசரியா 28. மிச்சம் 220 ரூபாய். கடை வாடகையையும் கரண்ட் பில்லையும் நான் இதுல சேர்க்கலை. இன்ஸ்டாகிராம் இருந்தாலும் இல்லாட்டியும் அது வரத்தானே போகுது?

இப்போ செலவு. 25,000 கூட 15,000. விளம்பரத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, அது 2,700. அக்கா காம்போசிஷன் திட்டத்துல இருந்ததால அதைத் திரும்ப எடுக்க முடியாது, முழுசா செலவுதான். ஆக மாசம் 42,700. இதை 220-ஆல வகுத்தா 195 புடவை. மாசத்துக்கு 195 புடவை கூடுதலா வித்தால்தான் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. ஆறு மாசத்துல இன்ஸ்டாகிராம் வழியா போனது மொத்தமே 310. அதுல வந்தது 68,200 ரூபாய், செலவானது 2,56,200. அக்கா ரொம்ப நேரம் பேசவே இல்லை.

ஆள் வேலை செய்யலையான்னு கேட்டா, செஞ்சார். மாசம் 20 போஸ்ட், 8 ரீல்னு பேசினது அத்தனையும் போட்டிருக்கார். ஆனா கமெண்ட்ல "விலை என்ன?"ன்னு கேட்டவங்களுக்குப் பதில் சொல்றது யார் வேலைன்னு யாருமே பேசலை. கடையில கூட்டம் இருக்கிற சாயங்கால நேரத்துலதான் மெசேஜ் வருது, அக்கா ராத்திரி பத்து மணிக்குத்தான் போனைத் திறக்கிறாங்க. அதுக்குள்ள அந்தப் பொண்ணு வேற கடையில வாங்கியிருப்பா. (விலையைப் போடாம "இன்பாக்ஸ் வாங்க"ன்னு எழுதற கடைகளை எனக்குத் தனிப்பட்ட முறையிலயே பிடிக்காது. என் வீட்டம்மா அந்தப் பக்கமே போக மாட்டாங்க.)

உண்மையில என்னைப் பயமுறுத்தினது இந்த நஷ்டம் இல்லை. அந்த 310 புடவையில பெங்களூரு, ஹைதராபாத்னு வெளி மாநிலத்துக்குப் போனதும் இருந்தது. காம்போசிஷன் வியாபாரி வெளி மாநிலத்துக்குப் பொருள் விக்கவே கூடாது. வித்தா அந்தச் சலுகைக்கான தகுதி போயிடும், சாதாரண வரியோட பெனால்டியும் கேட்கலாம். ஜிஎஸ்டி பதிவே இல்லாதவங்களுக்கும் இது பொருந்தும். 40 லட்சம் விற்றுமுதல் வரைக்கும் பதிவு வேண்டாம்னு நிம்மதியா இருப்பீங்க. ஆனா மாநிலம் தாண்டிப் பொருள் அனுப்பினா, சில கைவினைப் பொருட்களைத் தவிர, பொதுவா முதல் பார்சலுக்கே பதிவு வேணும். ரீல் போடறவருக்கு இது தெரியாது, தெரிஞ்சிருக்கணும்னு எதிர்பார்க்கவும் முடியாது. கூரியர் ரசீதுல அட்ரஸ் எழுதுற நமக்குத் தெரிஞ்சிருக்கணும். அக்காவுக்குச் சாதாரணப் பதிவுக்கு மாத்தி, பழைய வரியை வட்டியோட கட்டினோம்.

இன்னொரு கூத்து. அந்த ஆளை நிறுத்தலாம்னு முடிவு பண்ணினப்போதான் தெரிஞ்சது, பேஜ் அவரோட இமெயில்ல இருக்கு, ஓடிபி அவரோட நம்பருக்குப் போகுது. கார்டு மட்டும் அக்காவோடது! பேஜை வாங்க மூணு வாரம் ஆச்சு. இமெயில், நம்பர், முழு அட்மின் உரிமை மூணும் முதலாளி பேர்லதான் இருக்கணும். வேலைக்கு வர்றவருக்கு அவர் வேலைக்குத் தேவையான அனுமதி மட்டும் குடுத்தாப் போதும். விளம்பர அக்கவுண்ட்ல உங்க ஜிஎஸ்டி நம்பரையும் போட்டுடுங்க. சாதாரணப் பதிவுல இருக்கிறவங்க அந்த 18 சதவீதத்தைத் திரும்ப எடுத்துக்கலாம்.

போன வருஷ விற்றுமுதல் 1 கோடியைத் தாண்டியிருந்தா டிடிஎஸ் பிடிக்கணுமான்னு உங்க ஆடிட்டரைக் கேளுங்க. இப்போதைக்கு அது போதும்.

"பிராண்ட் வளர டைம் ஆகும் சார், உடனே கணக்குப் பார்க்கலாமா?"ன்னு சிலர் கேட்பீங்க. நியாயம்தான். செக்கு எண்ணெய், மசாலாப் பொடி மாதிரி மாசாமாசம் தீர்ந்து போற பொருளா இருந்தா முதல் விற்பனையில நஷ்டம் வந்தாலும் பரவாயில்லை, அதே ஆள் அடுத்த மாசமும் வாங்குவார். ஆனா அதையும் எண்ணிப் பார்க்கணும். பில் புக்குல பேருக்குப் பக்கத்துல "எங்கே பார்த்தீங்க?"ன்னு கேட்டு ஒரு எழுத்து எழுதுங்க: இன்ஸ்டாகிராம்னா இ, கூகுள்னா கூ, தெரிஞ்சவங்க சொன்னாங்கன்னா தெ. இதை மூணு மாசம் நீங்களே செய்யுங்க. வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக்கும் கூகுள் பிசினஸ் பக்கமும் இலவசம்தான். ஆள் போடறது அதுக்கப்புறம்.

போடும்போது நியாயமாவும் போடுங்க. 12,000 சம்பளத்துக்கு வீடியோ எடுக்கணும், எடிட் பண்ணணும், விளம்பரம் ஓட்டணும், மெசேஜுக்குப் பதில் சொல்லணும், நடுவுல பார்சலும் கட்டணும்னா அந்தப் பிள்ளை மூணாம் மாசம் ஓடிடும். ஒரு வேலையைச் சொல்லுங்க, அதுக்கான காசைக் குடுங்க.

அக்கா இப்போ வீடியோவைக் கடையிலேயே தன் போன்ல எடுக்கிறாங்க. பக்கத்துத் தெருவுல காலேஜ் முடிச்ச ஒரு பொண்ணு சாயங்காலம் ரெண்டு மணி நேரம் வந்து விலை போடுறா, பதில் சொல்றா. அதுக்கு மாசம் 8,000. விளம்பரத்துக்கு 5,000, அதோட ஜிஎஸ்டி இப்போ திரும்பக் கிடைக்குது. ஒரு புடவையில நிக்கிறது கிட்டத்தட்ட அதே 220-தான். 60 புடவை போனா செலவு தீரும். போன மாசம் 71 போச்சு, மிச்சம் 2,620 ரூபாய். நகை இன்னும் பேங்க்லதான் இருக்கு. வட்டியை மட்டும் இப்போ புடவை கட்டுது.